ஒளிவழிச் செய்தியும் ஒற்றுக்கேட்டலும்: டூமா, கிப்ளிங் படைப்புக்கள் இரண்டினை முன்வைத்து ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இலக்கியத்திலே கடிதமும் தந்தியும் கதைப்போக்கைத் திருப்பும் கருவிகளாக வந்துள்ள இடங்கள் மிகப்பல. கம்பியின் துணையின்றி வெட்டவெளியில் ஒளியை மட்டுமே ஊர்தியாகக் கொண்டு செல்லும் செய்தி கதையின் மையமாக அமைந்த இடங்களோ மிகச்சில. அச்சிலவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கற்பாலன. ஒன்று, அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை தொடராக வெளியிட்ட ‘மொன்தே கிறிஸ்தோ கோமகன்’ என்னும் நாவலில் இடம்பெறும் தந்திக் கோபுரக் காட்சி. மற்றையது, ருட்யாட் கிப்ளிங் 1886இல், லாகூரிற் பத்திரிகையாளராகப் பணியாற்றிய இளமைக் காலத்தில், எழுதிய ‘ஒழுக்கக் கோவை’ என்னும் பாடல். ஆங்கிலத்தில் ‘கோட்’ என்ற ஒரே சொல் ஒழுக்க விதிகளின் தொகுதியையும் செய்திக் குறியீட்டையும் குறிப்பதால் அப்பாடலின் தலைப்பே ஒரு சிலேடையாக அமைந்துள்ளது. தமிழில் அச்சிலேடை நில்லாது.

முன்னையது பழிவாங்கற் கதையொன்றின் சுவையான கிளை எனவும், பின்னையது படைமுகாம் வேடிக்கை எனவுமே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வாசிப்புத் தவறன்று; போதாதது. திறந்த வெளியில் ஒளியால் அனுப்பப்படும் செய்தியை யார் யார் படிக்கக் கூடும், படிப்பவரை அனுப்பியவர் அறிவாரா, செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு யார் பொறுப்பு ஆகிய வினாக்களை இவ்விரு படைப்புக்களும் கருவியியலாளர் பலருக்கு முன்னரே எழுப்பியுள்ளன.

இவ்வினாக்கள் இன்று நூலகத்துக்குள் அடங்குவனவாக இல்லை. கட்டடத்தின் கூரையிலிருந்து மறு கட்டடத்தின் கூரைக்கு லேசர் ஒளிக்கற்றை செய்தி சுமக்கிறது. செய்மதிகள் தம்முள்ளும் நிலத்தோடும் ஒளியாற் பேசுகின்றன. இவற்றைப் பரிந்துரைப்போர் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று மாறாதது: வானொலி அலை எத்திசையும் பரவும், ஒளிக்கற்றையோ ஒடுக்கமானது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் அமைவது, சுவரை ஊடுருவாதது, ஆதலால் அது இயல்பாகவே இரகசியமானது. அறை விளக்கின் ஒளியினூடாகத் தரவு அனுப்பும் ‘லைஃபை’ முறையை 2011இல் எடின்பரோவில் உலகுக்கு அறிமுகஞ் செய்த ஹரால்ட் ஹாஸ் என்பாரும், ஒளி சுவரைக் கடவாமையைப் பாதுகாப்புக்கான ஒரு காரணமாக எடுத்துக்காட்டினார். பௌதிகவியல் நோக்கிற் கூற்று பொய்யன்று. ஆனால், ‘இயல்பாகவே’ என்ற அச்சொல் தாங்க வேண்டிய பாரம் மிகப் பெரிது. டூமாவும் கிப்ளிங்கும் அச்சொல்லை எங்ஙனம் சோதித்தனர் என்பதைக் காண்பது பயனுடையது.

டூமாவின் காட்சியை விளங்கிக்கொள்ள, அவர் கண்முன் நின்ற தந்தி மின்தந்தியன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். குளோட் ஷாப் என்பார் அமைத்து 1794இல் பாரிஸுக்கும் லில்லுக்குமிடையே இயங்கத் தொடங்கிய காட்சித்தந்தி அது. குன்றுகளிலும் தேவாலயக் கூம்புகளிலும் கோபுரங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றின் உச்சியிலும் சுழலத்தக்க ஒரு சட்டமும் அதன் இரு முனைகளிலும் இரு கைகளும் இருந்தன. அடுத்த கோபுரத்தான் தொலைநோக்கியினாற் பார்த்து அந்நிலைகளைத் தன் கோபுரத்தில் அவ்வாறே மீளக் காட்டுவான். பிரான்சு முழுவதும் ஏறக்குறைய 5000 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வலை விரிந்தது.

இங்கே மறைப்பென்று எதுவுமில்லை. வயலில் உழுபவனும் வண்டியோட்டியும் தலைநிமிர்ந்தால் அரசின் செய்தி வானத்திலே கைகளை அசைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். இரகசியம் முழுவதும் குறியீட்டகராதியிலேயே இருந்தது. 92 பக்கங்கள், பக்கத்துக்கு 92 சொற்கள். முதற் சமிக்ஞை பக்கத்தையும் இரண்டாவது சமிக்ஞை அப்பக்கத்தின் வரிசையையும் குறிக்கும். இவ்வாறு 8464 பதங்கள். அகராதி வழியின் முனைகளில் இருந்த பணிப்பாளர்களிடமே இருந்தது. இடைக்கோபுரத்தார்க்கு வேலை தொடக்கம், நிறுத்தம், பிழைநீக்கம் முதலிய சில சேவைச் சமிக்ஞைகளன்றி வேறெதுவும் தெரியாது. காண்போர் எவராயினும் காணட்டும், பொருள் விளங்காதிருந்தாற் போதும் என்பதே அவ்வமைப்பின் கொள்கை. ஒளியின் ஒடுக்கத்தை நம்பும் இன்றைய வாதத்தைவிட இது நேர்மையான கொள்கை எனலாம்.

டூமா கைவைத்தது இக்கொள்கையின் மறுபக்கத்தில். மொன்லேரிக் கோபுரத்துக்குக் கோமகன் செல்கிறான். அங்கிருக்கும் தந்திக்காரனின் மனம் தந்தியில் இல்லை. தான் வளர்க்கும் சிறு தோட்டத்திலும், பீச் பழங்களைத் தின்றுவிடும் எலிகளிலுமே இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் பிராங் ஊதியம். தான் காட்டும் சமிக்ஞைகளின் பொருள் தனக்குத் தெரியாதென்பதை அவன் குறையாகக் கொள்ளவில்லை; பொருள் தெரியாதபோது பொறுப்பும் இல்லை, தான் ஓர் இயந்திரமே என்று ஆறுதல் கொள்கிறான். கோமகன் இருபத்தையாயிரம் பிராங் நீட்டி, மூன்று சமிக்ஞைகளை மாற்றிக் காட்டச் செய்கிறான். பூர்ஷ் நகரிற் காவலில் இருந்த டொன் கார்லோஸ் தப்பி ஸ்பெயினுக்குள் நுழைந்துவிட்டான் என்ற பொய் பாரிஸை அடைகிறது. வங்கியாளன் டங்லார் தன் கையிலிருந்த ஸ்பானியக் கடன்முறிகளை அவசரமாக விற்கிறான். மறுநாள் செய்தி மறுக்கப்படுகிறது; இழந்ததும் பெறத் தவறியதுமாக அவனுக்கு ஒரு மில்லியன் பிராங் நட்டம். (கதை நிகழ்வது 1838இல், வரலாற்றில் டொன் கார்லோஸ் பிரான்சுக்குள் வந்து பூர்ஷில் வைக்கப்பட்டது 1839இலேயே. டூமாவுக்கு இத்தகைய காலவழுக்கள் பொருட்டல்ல.)

இக்காட்சியின் வலிமை கோமகனின் சூழ்ச்சியில் இல்லை. கோபுரத்தானின் அறியாமையை டூமா படைத்திருக்கும் முறையிலேயே உள்ளது. ஒற்றுக்கேட்டலைத் தடுக்கும்பொருட்டு அரசு எவனை அறியாதவனாக வைத்ததோ, அவனே பொய்யை உணர இயலாதவனாகவும் ஆகிவிட்டான். தான் அனுப்பியது என்னவென அறிந்திருந்தால் அம்மனிதன் அஞ்சியிருப்பான். செய்தியின் மறைவும் செய்தியின் மெய்ம்மையும் இரு வேறு பண்புகள். ஒன்றைக் காக்கும் ஏற்பாடு மற்றதைப் பட்டினி போடக்கூடும். நாவலாசிரியர் இதனைக் கோட்பாடாகச் சொல்லவில்லை. பீச் பழங்களைக் கொண்டு காட்டியுள்ளார். இன்னொரு நுட்பமும் உண்டு. செய்தி வந்த பக்கத்துக் கோபுரத்தான், தன் சமிக்ஞை அவ்வாறே மீளக் காட்டப்படாததைக் காண்கிறான். தோட்டக்காரனுக்குப் பித்துப்பிடித்துவிட்டது என்றே எண்ணுகிறான். செய்தி செல்லும் பக்கத்தவனோ பொய்ச் சமிக்ஞைகளை மிகுந்த கடமையுணர்வோடு ஒன்றும் பிசகாமல் மீளக் காட்டுகிறான். பிழையைக் கண்டவனுக்கு அதை நிறுத்தும் வழியில்லை. நிறுத்தக்கூடியவனுக்குப் பிழை தெரியவில்லை. மறுநாள் அரசிதழ் மூடுபனியின்மேற் பழியைப் போட்டு விளக்கம் தருகிறது. அமைப்பின் குற்றத்தை வானிலையின் குற்றமாக்கும் இவ்விளக்கம் நாவலிலேயே கூரிய அங்கதம் அமைந்த இடங்களுள் ஒன்று.

எனினும் டூமாவின் கற்பனை இங்கு ஒரு வகையிற் பின்தங்கியே நிற்கிறது. நாவல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1834 முதல் 1836 வரை, போர்தோ நகரில் முதலீட்டு வணிகம் செய்த பிளாங் சகோதரர் இதே காட்சித்தந்தியைத் தம் இலாபத்துக்குப் பயன்படுத்தினர். பாரிஸ் பங்குச்சந்தையின் ஏற்றவிறக்கம் அஞ்சல் வண்டியில் போர்தோவை அடையச் சில நாட்கள் ஆகும். அவர்கள் தூர் நகரத்துத் தந்திக்காரன் ஒருவனை விலைக்கு வாங்கினர். பாரிஸிலிருந்து அவனுக்குக் குறிப்பு வந்ததும், அரசின் செய்தியோடு ஒரு தவறான சமிக்ஞையைச் சேர்த்து, உடனே பிழைநீக்கச் சமிக்ஞையையும் காட்டுவான். இவ்விரண்டும் கோபுரம் கோபுரமாகப் போர்தோ வரை சென்றன. அங்கே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி அத்தவற்றைக் குறித்துக்கொள்வான். முனையில் இருந்த அதிகாரி பிழை நீக்கப்பட்டதென்று அதனை விட்டுவிடுவார்.

மொன்லேரிப் பொய் ஒரு நாளில் அம்பலமாகும். தூர் நகரத்துப் பொய் ஏறக்குறைய ஈராண்டு வாழ்ந்தது. அரசின் செய்தி ஓர் எழுத்தும் மாறாமற் சென்று சேர்ந்ததே அதற்குக் காரணம். இடைக்கோபுரத்தார்க்குத் தெரிந்திருந்த சமிக்ஞைகள் மிகச் சில என்று முன்னர்க் கூறப்பட்டது. பிளாங் சகோதரர் நுழைந்த வாயில் அச்சிலவற்றுள் ஒன்றான பிழைநீக்கச் சமிக்ஞையே. எந்தத் தொடர்பாடல் வழியும் சிறிதளவு பிழையை இயல்பெனப் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயுள்ளது. களவு அப்பொறுமைக்குள் ஒளிந்துகொள்கிறது. 1837இல் தூர் நகரில் வழக்கு நடந்தபோது இச்செயலைக் குற்றமெனக் கூறும் சட்டம் இருக்கவில்லை; சகோதரர் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் அரசின் அனுமதியின்றிச் சமிக்ஞை அனுப்புதலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அவர்களுள் பிரான்சுவா பிளாங் பிற்காலத்தில் மொன்தே கார்லோ சூதாட்ட மண்டபத்தின் அதிபராகப் புகழ்பெற்றார். நாடகத் தன்மையிற் டூமாவின் காட்சி சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஒளிவழியின் பலவீனத்தை உணர்த்துவதில் நீதிமன்ற வழக்கே மேலானது.

கிப்ளிங்கின் பாடலுக்கு வருகையிற் கருவி மாறுகிறது, வினா மாறவில்லை. பாரசீகக் குடாத் தந்திச் சேவையில் இருந்த ஹென்றி மான்ஸ் 1869இல் உருவாக்கிய ஹீலியோகிராப் என்னும் சூரியக்கண்ணாடி, 1878–80 ஆப்கான் போரிற் பிரித்தானியப் படைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. சிறிய ஆடியொன்று சூரியவொளியைத் தொலைவிலுள்ள நிலையத்தை நோக்கித் தெறிக்கச் செய்யும்; ஆடியைச் சற்றே சாய்த்தும் நிமிர்த்தியும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளியும் கோடும் அனுப்பப்படும். ஷாப்பின் கோபுரத்தை எவரும் காணலாம். மான்ஸின் ஒளியையோ கற்றைக்குள் நிற்பவரே காண்பர். ஒளிக்கற்றை இயல்பாகவே இரகசியமானது என்ற நம்பிக்கை பிறந்த இடம் இதுவெனலாம்.

பாடலின் கதை எளிது. புதுமணம் செய்த ஜோன்ஸ் ஆப்கான் எல்லை மலைக்குப் பணியாற்றச் செல்கிறான். செல்லுமுன் மனைவிக்குக் குறியீட்டைக் கற்பித்துவிடுகிறான். விடியலிலும் அந்தியிலும் மலையுச்சியிலிருந்து அவளுக்கு அறிவுரை மின்னுகிறது. இளம் அதிகாரிகளைப் பற்றிய எச்சரிக்கைகளுக்கு மேலாக, நரைத்த தலையோடும் காமுகனாகத் திரியும் ஜெனரல் பாங்ஸ் பற்றிய எச்சரிக்கை கடுமையானது. ஒரு நாள் அந்த ஜெனரலே தன் உதவியாளர் சூழக் குதிரையில் வருகையில் மலைமீது ஒளி பரபரப்பாகத் துடிப்பதைக் காண்கிறான். எல்லையிற் கலகமோ, காவல்நிலையம் எரிந்ததோ என அஞ்சிச் செய்தியை எழுதிக்கொள்ளப் பணிக்கிறான். எழுத்தெழுத்தாக வெளிவருவது மனைவிக்கான கொஞ்சுமொழியும், பின்னர் தன்னைப் பற்றிய வசையும். உதவியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடமை தவறாமல் எழுதுகின்றனர்.

இங்கு மூன்று செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, கற்றையின் அகலம். சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை கோணத்தை அடைப்பதால் ஆடியில் தெறிக்கும் ஒளியும் அதே கோணத்தில் விரிந்தே செல்லும். தூரத்தின் நூற்றேழில் ஒரு பங்கு என்பது அதன் அகலம். பதினாறு கிலோமீற்றர் தொலைவில் அது 150 மீற்றர். மலையடிவாரத்தில் வந்த குதிரைவீரர் அதனைக் கண்டிருக்க முடியாது. பெண்ணின் இருப்பிடத்தை அண்மியவர்களே கண்டிருக்க முடியும். கிப்ளிங் இக்கணக்கைப் போட்டிருப்பார் என்பதற்கில்லை. ஆயினும், பெறுபவரின் அருகே நிற்கும் ஒற்றனே மிகுந்த ஆபத்தானவன் என்னும் உண்மை பாடலின் நிகழ்ச்சியிலிருந்து தானே பெறப்படுகிறது.

இரண்டாவது, ஜெனரல் தன் நிலையை உணரும் விதம். தனிப்பட்ட தந்திவழியொன்றை ஒற்றிவிட்டோம் என்ற கருத்தில் அவன் பேசிவிட்டுக் குதிரைகளைத் திருப்பச் சொல்கிறான். உவமை கம்பித்தந்தியிலிருந்து வருகிறது. பாடலின் உயிரான நகைச்சுவையும் அங்கேதான் இருக்கிறது. கம்பியை ஒற்றுபவன் கம்பியைத் தொட வேண்டும், வெட்ட வேண்டும், தடயம் எஞ்சும். இங்கே ஜெனரல் எதனையும் தொடவில்லை. பாதையிற் சென்றான், நின்றான், பார்த்தான். அவன் மௌனங் காத்தமையால், தன் செய்தியைப் படித்தவர் யார் என்பதை ஜோன்ஸ் கடைசிவரை அறியவில்லை. ஒளியை ஒற்றுதல் சுவடற்றது. பின்னர்க் கதை எல்லைப்புறம் எங்கும் பரவி ஜெனரலுக்கு அப்பட்டம் நிலைத்துவிடுகிறது. பரப்பியது ஒளியன்று, உதவியாளரின் நாக்கு. ஒரே செய்தி இருமுறை கசிகிறது என்பதைக் கிப்ளிங் போகிறபோக்கிற் காட்டிச் செல்கிறார். கதை முழுதும் பொய் என்று பாடலின் முகப்பிலேயே அவர் கூறிவிடுவதும் இவ்விளையாட்டின் ஒரு பகுதியே.

மூன்றாவது, பாடலின் குருடு. உலகுக்குக் கண்கள் உண்டு என்ற பொருள்பட அவரே ஓரிடத்தில் உரைக்கிறார். அவ்வுலகில் இடம்பெறுவோர் யாவர்? வெள்ளை ஜெனரலும் வெள்ளை உதவியாளரும் மட்டுமே. ஒளி கடந்து செல்லும் மலையும் பள்ளத்தாக்கும் வேற்று மக்களின் ஊர்கள். 150 மீற்றர் அகலமுள்ள கற்றை ஒரு சிற்றூரை முழுதாக மூடும். அம்மக்கள் பாடலில் ஒரேயொரு முறை, கலகம் செய்யக்கூடியவர்கள் என்ற அச்சமாக மட்டும், தலைகாட்டுகின்றனர். செய்தியைப் பார்க்கக்கூடியவர்கள், குறியீட்டைப் பயிலக்கூடியவர்கள் என்ற எண்ணம் ஆசிரியருக்கு எழவில்லை. மறைமொழி ஏதுமின்றிக் குறியீட்டைத் திறந்தவாறே பயன்படுத்தும் ஜோன்ஸின் அலட்சியத்துக்கு அடியில் இருப்பதும் இதே எண்ணமே: படிக்கத் தெரிந்தவர் யாவரும் நம்மவர். ஆட்சியாளர் தம் இரகசியங்களை இழக்கும் வழிகளுள் ஆளப்படுபவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுதல் முதன்மையானது. பாடலின் கலைக்குறை எனவும் இதனைக் கொள்ளலாம். ஒரு மலைவாசியும் அதைப் படித்துச் சிரித்தான் என்ற ஈரடி மட்டும் இருந்திருந்தால் வேடிக்கை அங்கதமாக உயர்ந்திருக்கும்.

கிப்ளிங் இதனை எழுதுவதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1880இல், அலெக்சாண்டர் கிரகாம் பெல் சூரியவொளியில் மனிதக் குரலை ஏற்றி வாசிங்டன் நகரில் 213 மீற்றர் தூரம் அனுப்பியிருந்தார். செலீனியம் பூண்ட வாங்கி ஒன்று கற்றைக்குள் இருந்தால் எவரும் அக்குரலைக் கேட்டிருக்கலாம். போட்டோபோன் எனப் பெயரிட்ட அதனைத் தம் கண்டுபிடிப்புக்களுள் தலையானதாகப் பெல் மதித்தார். உலகம் அம்மதிப்பீட்டை நெடுங்காலம் ஏற்கவில்லை. லேசர் வரும்வரை அது காத்திருக்க நேர்ந்தது.

லேசர் கற்றை சூரியக்கண்ணாடியின் கற்றையைவிடப் பன்மடங்கு ஒடுக்கமானதே. ஆனால் அதுவும் விரிகிறது. ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற வீதத்தில் விரியும் ஒரு கற்றை இரண்டு கிலோமீற்றர் தொலைவில் இரண்டு மீற்றர் அகலங் கொள்ளும். பெறும் வில்லையின் விட்டம் பத்துச் சென்ரிமீற்றராயின், ஒளியின் மிகப்பெரும் பகுதி வில்லைக்கு வெளியே வழிந்து சிந்துகிறது. ஜெனரல் பாங்ஸின் குதிரை நிற்க அங்கே இடமுண்டு. மூடுபனியும் தூசும் கற்றையைப் பக்கவாட்டிற் சிதறச் செய்வதால், வெளியே நிற்பவனுக்கும் நலிந்த ஒரு பங்கு கிடைக்கும்.

இச்சிந்தலை ஏற்றுக்கொண்டே பாதுகாப்பைக் கட்ட முயலும் கோட்பாட்டுக்கு அடியிட்டவர் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏரன் வைனர். 1949இல் குளோட் ஷானன், முழுமையான மறைவு வேண்டின் செய்தியின் அளவுக்குக் குறையாத இரகசியச் சாவி இருபாலாரிடமும் முன்கூட்டியே இருத்தல் வேண்டும் என நிறுவியிருந்தார். வைனர் 1975இல் வேறொரு வழியைக் காட்டினார்: ஒற்றனுக்குக் கிடைக்கும் சமிக்ஞை உரியவருக்குக் கிடைப்பதைவிடத் தரங்குறைந்ததாயின், அவ்வேறுபாட்டையே மூலதனமாக்கிச் சாவியில்லாமலே இரகசியத்தை அனுப்பும் வகையில் செய்தியைக் குறியிடலாம். கணித அழகு மிகுந்த முடிவு இது. திறந்தவெளி ஒளிவழிகளுக்கு இதனைப் பொருத்தும் ஆய்வுகள் பெருகியுள்ளன. ஆயின் அம்முடிவு ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. ஒற்றன் எங்கே நிற்கிறான், அவன் வில்லை எவ்வளவு பெரிது என்பவற்றை அனுப்புபவர் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். தன்னை அறிவிக்காமல் வந்து பெரிய தொலைநோக்கியோடு நிற்பவனைப் பற்றிய அறிவை எங்கிருந்து பெறுவது? ஜோன்ஸிடம் வைனரின் குறியீடு இருந்திருந்தாலும், மனைவியின் வாசலருகே குதிரையை நிறுத்திய ஜெனரலிடமிருந்து அது அவனைக் காத்திராது.

கற்றையின் நடுவே கையிட்டால் ஒளி குறையும், அதனால் ஒற்றன் பிடிபடுவான் என்று மறுமொழி கூறப்படுவதுண்டு. கண்ணாடி இழையில் இவ்வாதத்துக்கு வலுவுண்டு. வெட்டவெளியில் வெப்பக் காற்றின் கொந்தளிப்பு, பெறப்படும் ஒளியை நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள்ளேயே ஏற்றியும் இறக்கியும் ஆட்டுகிறது. பாதியாகக் குறைவதும் புதிதன்று. நூற்றில் ஒரு பங்கைத் திருடுபவன் அவ்வாட்டத்துக்குள் மறைந்துவிடுவான். தூர் நகரத்துத் தந்திக்காரன் பிழைகளுக்குள் மறைந்ததும் இவ்வாறுதான். பழியேற்க மூடுபனி அன்றும் இருந்தது.

சுவர் காக்கும் என்ற வாதமும் சோதிக்கப்பட்டுள்ளது. திரையின் ஒளி சுவரிற் பட்டுத் தெறிப்பதைக் கொண்டே திரையிலிருந்ததை மீட்கலாம் என்பதும், தொடர்புக் கருவிகளின் முகப்பில் மினுக்கும் சிறு விளக்குகள் கருவியினூடு செல்லும் தரவையே மினுக்கிவிடக்கூடும் என்பதும் 2002இல் வெளிவந்த இரு ஆய்வுகளால் தெரியவந்தன. 2015இல் ஜேர்மனிய, அமெரிக்க ஆய்வாளர் சிலர், விளக்கொளித் தரவைக் கதவின் அடியிடைவெளி, சாவித்துவாரம், பாதி மறைத்த யன்னல் ஆகியவற்றின் வழியே அறைக்கு வெளியிலிருந்து பெறலாம் எனக் காட்டினர். சுவர் ஒளியைக் கடத்தாது. ஆனால் சுவர் மட்டுமேயுள்ள அறையில் எவரும் குடியிருப்பதில்லை.

இவை அனைத்துக்கும் விடையாக இன்று முன்வைக்கப்படுவது சொட்டுப் பௌதிகத்தின் வழி சாவி பகிர்தல். 1984இல் பெனற், பிராசாட் ஆகியோர் வகுத்த இம்முறையில் ஒவ்வொரு ஒளித்துணிக்கையும் தனித்தனியே அனுப்பப்படுகிறது. இடையில் அளந்தவன் அதன் நிலையைக் கலைத்துவிடுவான். கலைவின் அளவே ஒற்றன் உண்டென்பதை உணர்த்தும். சுவடற்றிருந்த ஜெனரலின் பார்வை இங்கே சுவடு பதிக்கிறது. கிப்ளிங்கின் பாடலுக்கு இதுவே உண்மையான மறுமொழி. ஆயினும் இம்முறைக்கும் மறுமுனையில் இருப்பவர் உரியவர்தாம் என உறுதிசெய்யும் ஏற்பாடு வேறாக வேண்டும். இன்றேல் நடுவே நிற்பவன் இருபுறமும் மற்றவராக நடித்துவிடலாம். மொன்லேரிக் கோபுரத்தின் வினா தீரவில்லை.

பண்டைச் சீனத் தத்துவஞானி மோட்சுவின் பெயர் தாங்கி 2016 ஓகஸ்ட்டில் ஏவப்பட்ட செய்மதியின் வரலாறு இதற்குச் சான்று. அதன் கற்றை 1200 கிலோமீற்றர் கடந்து நிலத்தில் விழும்போது 12 மீற்றர் அகலமே கொண்டிருந்தது. பெற்ற தொலைநோக்கியின் விட்டம் ஒரு மீற்றர். 2017 செப்டெம்பரில், 7600 கிலோமீற்றர் இடைத்தூரங் கொண்ட பீஜிங்கும் வியன்னாவும் இச்செய்மதி தந்த சாவிகளைக் கொண்டு காணொளி உரையாடல் நிகழ்த்தின. மாபெரும் தொழினுட்பச் சாதனை இது. ஆனால் செய்மதி ஒவ்வொரு நகரோடும் தனித்தனியே சாவி பகிர்ந்தது; இரு சாவிகளையும் தன்னிடம் வைத்திருந்து இணைத்துக் கொடுத்தது. அதாவது, வழியின் நடுவே இருந்த கோபுரத்தான் யாவும் அறிந்தவனாக இருந்தான். ஷாப்பின் அமைப்பிலே நடுவிலிருந்தவன் எதனையும் அறியான், ஆதலால் அவனை விலைக்கு வாங்கிப் பொய்யை அனுப்ப முடிந்தது. இச்செய்மதியை வசப்படுத்துபவனுக்கோ இரு பக்கத்து இரகசியமும் ஒருங்கே கிட்டும். செய்மதிக்குத் தோட்டமோ பீச் பழமோ இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். அதனை இயக்கும் நிலத்து நிலையத்தில் மனிதர் இருக்கின்றனர்.

இக்குறை ஆய்வாளர் அறியாததன்று. 2020இல் அதே செய்மதியைக் கொண்டு, பின்னிப்பிணைந்த ஒளித்துணிக்கை இணைகளை 1120 கிலோமீற்றர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கு அனுப்பி, செய்மதி தானே சாவியை அறியாதவாறு பகிரும் சோதனை வெற்றிகண்டது. நடுவிலிருப்பவன் அறியாதவனாகவும் ஏமாற்ற இயலாதவனாகவும் அமைந்த முதல் ஒளிவழிகளுள் இதுவும் ஒன்று. அவ்வழியிற் கிடைத்த சாவி வினாடிக்கு 0.12 பிட். நூறு எழுத்துக்கொண்ட ஓர் அறிவுரையை, எழுத்துக்கு ஐந்து பிட் எனக் கொண்டு, முழு மறைவோடு அனுப்ப ஜோன்ஸ் விரும்பியிருந்தால், செய்மதி அசையாது தலைக்குமேல் நிற்பதாக வைத்துக்கொண்டாலும், அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும்.